பூலியா கடலோரத்தில் பழைய பண்ணை வீடு வாங்குவோருக்கு: படிகள், ஆவணங்கள், செலவுகள்

இத்தாலியின் தென்கிழக்கே பூலியா மாநிலத்தில், மொனோப்பொலியிலிருந்து ஃபசானோ, ஒஸ்தூனி வழியாகக் கரொவீன்யோ வரை அத்ரியாட்டிக் கடலை ஒட்டி நீளும் ஒலிவ் தோப்புகளுக்கு நடுவே, மஸ்ஸெரியா எனப்படும் பழைய கல் பண்ணை வீடுகள் அவ்வப்போது விற்பனைக்கு வருகின்றன. விளம்பரத்தில் நட்சத்திர வளைவுக் கூரையும், நிலத்தடி எண்ணெய்ச் செக்கும், சில நிமிடத் தொலைவில் கடலும் இருக்கும். அந்த வீட்டின் காகிதங்கள் எந்த நிலையில் உள்ளன என்பது மட்டும் இருக்காது. இங்கே வாங்குபவரின் பணத்தையும் காலத்தையும் விழுங்குவது பெரும்பாலும் வீட்டின் விலை அன்று, காகிதங்களைச் சரிபார்ப்பதற்கு முன் இடப்படும் முதல் கையெழுத்துதான். அந்த நடைமுறையில் சிக்கித் தடுமாறி வெளியே வந்த ஒருவர், அடுத்து வருபவர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதியது இது.

1. வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை உடையவர்களுக்கும், செல்லுபடியாகும் இத்தாலிய வசிப்பு அனுமதி உடையவர்களுக்கும் தடையில்லை. மற்றவர்களுக்குப் பரஸ்பர நிபந்தனை என்ற ஒன்று உண்டு. உங்கள் நாட்டில் இத்தாலியர் ஒருவர் வீடு வாங்க முடியுமானால்தான் இத்தாலியில் நீங்கள் வாங்க முடியும். இந்தியச் சட்டம், இந்தியாவில் வசிக்காத வெளிநாட்டவர் அங்கே அசையாச் சொத்து வாங்குவதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஆகையால் இந்தியக் கடவுச்சீட்டுடன் இந்தியாவில் வசித்துக்கொண்டே வாங்க நினைப்பவர், பத்திரத்தை எழுதப்போகும் நொத்தாயோவிடம், அதாவது அங்குள்ள பத்திர அதிகாரியிடம், தம் நிலையை விளக்கி எழுத்தில் பதில் பெறுவதற்கு முன் ஒரு யூரோ கூடக் கொடுக்கக் கூடாது. வீடு வாங்குவதால் வசிப்புரிமை கிடைத்துவிடாது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். ஷெங்கன் பகுதியில் 180 நாட்களில் 90 நாட்கள் என்ற வரம்பு வீட்டு உரிமையாளருக்கும் அப்படியேதான் இருக்கும்.

2. வரி எண்ணும் பணம் வரும் வழியும்

கோதிச்சே ஃபிஸ்காலே எனப்படும் வரி அடையாள எண் இல்லாமல் ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, மின் இணைப்பு எதுவும் நடவாது. இதற்குக் கட்டணம் கிடையாது. இத்தாலிய வரித்துறை அலுவலகத்திலோ உங்கள் நாட்டிலுள்ள இத்தாலியத் தூதரகத்திலோ கடவுச்சீட்டைக் காட்டிப் பெறலாம். இதை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பெருந்தொகை கேட்கும் இடைத்தரகர்களைத் தவிருங்கள்.

விலைத் தொகை எந்த வழியாக வந்தது என்பது பத்திரத்திலேயே எழுதப்படும் என்பதால், வங்கி மாற்றமும் வங்கிக் காசோலையும் மட்டுமே பயன்படும். இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கியின் தாராளமயமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் நபருக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 விழுக்காடு வரியை முன்கூட்டியே பிடிக்கும். அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம் என்றாலும், அதுவரை அந்தப் பணம் கையில் இராது. முன்பணத்தை மார்ச் 31-க்குள்ளும் மீதியை ஏப்ரல் 1-க்குப் பின்னும் அனுப்பும்படி ஒப்பந்தத் தேதிகளை அமைத்துக்கொண்டால் இரண்டு நிதியாண்டுகளின் வரம்பும் பயன்படும்.

3. வீட்டைப் பார்த்த மறுநாளே ஜியோமெத்ராவை அமர்த்துங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். ஜியோமெத்ரா என்பவர் நில அளவை, கட்டட வரைபடம், அனுமதிக் காகிதங்கள் ஆகியவற்றைக் கையாளும் பதிவுபெற்ற தொழில்நுட்ப வல்லுநர். விற்பவருடைய ஜியோமெத்ரா வேறு, உங்களுடையவர் வேறு. தரகர் பரிந்துரைக்கும் ஒருவரையே இரு தரப்பும் வைத்துக்கொள்வது இங்கே சாதாரணமாக நடப்பதுதான், ஆனால் உங்களுக்கு நல்லதன்று. பத்திர அதிகாரி இதையெல்லாம் பார்த்துக்கொள்வார் என்று பலர் நம்பியிருப்பார்கள். அவர் உரிமைத் தொடர்ச்சியையும் அடமானங்களையும் பார்ப்பாரே தவிர, வீட்டுக்கு வந்து சுவரை அளந்து வரைபடத்தோடு ஒப்பிடுவது அவர் வேலையன்று.

ஜியோமெத்ரா சரிபார்க்க வேண்டிய பொருத்தங்கள் இரண்டு. முதலாவது, கதாஸ்தோ எனப்படும் நில, கட்டட வரிப் பதிவேட்டில் உள்ள வரைபடமும் வீட்டின் இன்றைய அமைப்பும் ஒத்துப்போகின்றனவா என்பது. 2010-இல் வந்த சட்டத்தின்படி, இந்தப் பொருத்தத்தைப் பற்றிய உறுதிமொழி இல்லாத விற்பனைப் பத்திரம் செல்லாது. இரண்டாவது, அந்த அமைப்புக்கு நகராட்சி அனுமதி கொடுத்திருக்கிறதா என்பது. முதலாவது சரியாக இருந்தால் இரண்டாவதும் சரி என்று பொருளில்லை. வரிப் பதிவேட்டில் படுக்கையறையாகப் பதிவான ஓர் இடம், நகராட்சிக் கோப்பில் இன்னும் மாட்டுத் தொழுவமாகவே இருக்கலாம்.

இங்கேதான் ‘67-க்கு முந்தையது’ என்ற சொற்றொடர் உங்களிடம் சொல்லப்படும். 1967 செப்டம்பர் 1-க்கு முன் கட்டப்பட்டதாக விற்பவர் உறுதிமொழி அளித்தால், அனுமதி எண்ணைக் குறிப்பிடாமலே பத்திரம் எழுதலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு கட்டிய குளியலறை, மூடிய தாழ்வாரம், நீச்சல் குளம், வீடாக மாற்றிய தொழுவம் ஆகியவற்றை அந்த உறுதிமொழி காப்பாற்றாது. ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 1985, 1994, 2003 ஆகிய ஆண்டுகளில் வந்த முறைப்படுத்தல் சட்டங்களின் கீழ் மனுவும், அதன் மீதான இறுதி ஆணையும் இருக்க வேண்டும். மனு மட்டும் கொடுத்துவிட்டு ஆணை வராமலே கிடக்கும் கோப்புகள் ஏராளம் என்பதால், மனுவின் நகலைக் காட்டினால் ஆணையைக் கேளுங்கள். 2024-இல் வந்த ‘சால்வா காசா’ சட்டம் சிறு அளவு விலகல்களுக்குத் தளர்வு கொடுத்திருக்கிறது. பெரிய கட்டுமானங்களுக்கு அதை நம்பி வாங்குவது அறிவுடைமையன்று.

நகராட்சிக் கோப்பைப் பார்க்க விற்பவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலை முதல் சந்திப்பிலேயே வாங்கிவிடுங்கள். சட்டப்படி 30 நாட்களில் கிடைக்க வேண்டிய அனுமதி, சிறிய நகராட்சிகளில் அதைத் தாண்டுவதே வழக்கம்; ஆகஸ்ட் மாதம் கணக்கிலேயே வராது, ஏனெனில் 15-ஆம் தேதித் திருநாளை ஒட்டி அலுவலகங்கள் பாதி உறங்கிவிடும். வீட்டோடு சேர்த்துப் பதிவான நிலம் 5,000 சதுர மீட்டரை எட்டினாலோ அதைத் தாண்டினாலோ நில வகைப்பாட்டுச் சான்றிதழும் தேவைப்படும், அதையும் நகராட்சிதான் தரும்.

இவற்றோடு பாதை உரிமையைக் கேட்கச் சொல்லுங்கள். பொதுச் சாலையிலிருந்து வீடு வரை வரும் மண் பாதை யாருடைய நிலத்தின் வழியாக வருகிறது, உங்கள் முற்றத்தின் வழியாக யார் டிராக்டர் ஓட்டிச் செல்லலாம் என்பவை பதிவில் இருக்கும், அல்லது இருக்க வேண்டியிருந்தும் இல்லாமல் இருக்கும். உரிமையாளர்களின் பட்டியலும் கவனத்துக்கு உரியது. தலைமுறைகளாகப் பிரிக்கப்படாத பண்ணைகளில் பங்காளிகள் பலர் இருப்பார்கள், சிலர் தென் அமெரிக்காவில் கூட இருப்பார்கள். எல்லோரும் கையெழுத்திட வேண்டும், அவர்களின் வாரிசுரிமை ஏற்பும் பதிவாகியிருக்க வேண்டும்.

4. கடல் பக்கத்தில் என்றால் எவ்வளவு பக்கத்தில்

கரையிலிருந்து 300 மீட்டர் வரையுள்ள பகுதி முழுவதும் நிலக்காட்சிப் பாதுகாப்புக்கு உட்பட்டது. அங்கே வெளித்தோற்றத்தைப் பாதிக்கும் வேலைகளுக்குக் கட்டட அனுமதியோடு நிலக்காட்சி அனுமதியும் வேண்டும். சொப்ரின்தெந்தென்ஸா எனப்படும் தொல்பொருள், கலைக் காப்பு அலுவலகம் அதற்குக் கருத்துச் சொல்ல 45 நாட்கள் எடுக்கலாம். 300 மீட்டருக்கு அப்பால் இருந்தால் தப்பித்தோம் என்று எண்ண வேண்டாம், பூலியா 2015-இல் ஏற்றுக்கொண்ட மாநில நிலக்காட்சித் திட்டம் உள்நாட்டுத் தோப்புகளையும் தழுவுகிறது. கரையை ஒட்டிய அரசு நிலத்தின் எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் எதைக் கட்டுவதானாலும் கடல்சார் அதிகாரிகளின் இசைவும் வேண்டும். விளம்பரத்தில் ‘தனிக் கடற்கரை’ என்று கண்டால் அதை நம்பாதீர்கள், கடற்கரை அரசுடையது.

இதனினும் கனமானது, அந்தக் கட்டடமே பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டிருப்பது. அப்படியானால் உள்ளே ஒரு சுவரை நகர்த்தவும் சொப்ரின்தெந்தென்ஸாவின் அனுமதி வேண்டும், அதற்கான சட்டக் கால அளவு 120 நாட்கள். வாங்கும்போதும் ஒரு தடை உண்டு. பத்திரம் எழுதியபின் பண்பாட்டு அமைச்சகத்துக்கு அறிவிப்பு அனுப்பி 60 நாட்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் அரசோ மாநிலமோ நகராட்சியோ அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளலாம். அதுவரை சாவி உங்களிடம் வராது. ஈடாக, நகராட்சியின் ஆண்டுச் சொத்து வரி இத்தகைய வீடுகளுக்குப் பாதியாகக் குறையும். என் கருத்தில், உள்ளமைப்பை அதிகம் மாற்ற விரும்பாதவருக்கு இப்படி அறிவிக்கப்பட்ட வீடு மோசமான தேர்வன்று. எட்டுக் குளியலறைகளுடன் விடுதி நடத்த நினைப்பவர் அதை விட்டு விலகி நடக்கலாம்.

5. தண்ணீர், உப்பு, ஒலிவ மரங்கள்

பல மஸ்ஸெரியாக்களுக்குக் குழாய் நீர் இணைப்பு கிடையாது. மழைநீர்த் தொட்டியும் லாரித் தண்ணீரும் ஆழ்கிணறும்தான். கடலோரத்தில் ஆழ்கிணற்றை இருமுறை சந்தேகியுங்கள்: பூலியாவின் சுண்ணாம்புப் பாறைக்குள் கடல்நீர் ஊடுருவி நிலத்தடி நீர் உப்பாகிக்கொண்டிருக்கிறது. கிணற்றுக்கு அனுமதி உண்டா என்பதைக் காகிதத்திலும், நீரில் உப்பு எவ்வளவு என்பதைக் கோடை இறுதியில் எடுத்த மாதிரியைக் கொண்டு ஆய்வகத்திலும் பாருங்கள். மார்ச் மாதத்து நீர் உங்களுக்கு எதையும் சொல்லாது. கழிவுநீர்த் தொட்டிக்கும் அனுமதி கேளுங்கள்.

உப்புக் காற்று மென்மையான மணற்சுண்ணக் கல்லைத் தின்னும். சுவரின் அடிப்பகுதி அண்மையில் சிமெண்ட் பூசப்பட்டுப் பளபளப்பாக இருந்தால், ஈரத்தை மறைத்திருக்கிறார்கள் என்றே முதலில் எண்ண வேண்டும். இந்தக் கல்லுக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் பொருந்தும், சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துக் கல்லைப் பொடியாக்கிவிடும். வளைவுக் கூரை சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளும் அமைப்பு என்பதால், சுவரின் மேற்பகுதியில் விரிசலோ அண்மையில் போட்ட இரும்பு இழுகம்பியோ தென்பட்டால் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். புதுப்பிப்புச் செலவைப் பொறுத்தவரை, சதுர மீட்டருக்கு ஆயிரம் யூரோவுக்குக் குறைவாகச் சொல்பவர் வேலையை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

தோப்பும் வாங்கும் பொருளின் ஒரு பகுதி. 2013-இல் பூலியாவின் தெற்கே கல்லிப்பொலி அருகே கண்டறியப்பட்ட, ஒலிவ மரங்களைக் காயவைத்துக் கொல்லும் சைலெல்லா பாக்டீரியா வடக்கே பரவி, ஒஸ்தூனி சமவெளியையும் தொட்டுவிட்டது. மரங்களைக் கோடையில் பாருங்கள். நுனிக் கிளைகள் கொத்துக் கொத்தாகக் கருகியிருந்தால், வெட்டி அகற்றும் செலவும் வசந்த காலத்தில் களைகளை உழுது அழிக்கும் கட்டாயமும் உங்களைச் சேரும். நலமாக உள்ள பெருமரங்களோ உங்கள் விருப்பத்துக்கு உரியவை அல்ல. தரையிலிருந்து 130 சென்டிமீட்டர் உயரத்தில் தண்டின் விட்டம் 100 சென்டிமீட்டரை எட்டும் ஒலிவ மரத்தை 2007-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் நினைவுச் சின்னமாகக் கருதுகிறது. அனுமதியின்றி அதை வெட்டவோ இடம் மாற்றவோ முடியாது. நீச்சல் குளத்துக்கு நீங்கள் குறித்துவைத்த இடத்தில் அப்படி ஒரு மரம் நின்றால், இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

6. விலை முன்மொழிவில் கையெழுத்திடும் முன்

தரகர் அச்சிட்ட படிவம் ஒன்றை நீட்டி, ‘இது வெறும் சம்மதக் கடிதம்தான், வேறொருவர் வாங்கிவிடுவதற்குள் போட்டுவிடுங்கள்’ என்பார். அது சம்மதக் கடிதம் அன்று. நீங்கள் கையெழுத்திட்ட முன்மொழிவை விற்பவர் ஏற்று, அந்த ஏற்பு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நொடியில் அது உங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாகிவிடுகிறது, தரகருக்குக் கட்டணம் பெறும் உரிமையும் அப்போதே பிறந்துவிடுகிறது. பின்னர் அனுமதிச் சிக்கல் வெளிப்பட்டு விற்பனை நின்றுபோனால், அந்தக் கட்டணத்துக்காகவே தனியாக வழக்காட நேரிடலாம்.

ஆகவே ஜியோமெத்ராவின் அறிக்கை வரும் வரை கையெழுத்திடாதீர்கள். அவசரம் உண்மையானது என்று தோன்றினால், அறிக்கை திருப்தியாக இருக்க வேண்டும், அண்டை விவசாயிகள் தம் முன்னுரிமையை (அடுத்த பகுதியைப் பாருங்கள்) கைவிட வேண்டும், கடன் வாங்குவதானால் வங்கியின் ஒப்புதல் வர வேண்டும் என்ற நிபந்தனைகள் நிறைவேறும் வரை ஒப்பந்தமும் தரகுக் கட்டணமும் நடைமுறைக்கு வராது என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். தரகர் வணிகக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்பதையும் அப்போதே பாருங்கள். பதிவில்லாதவருக்குக் கட்டணம் கேட்கும் உரிமை இல்லை.

7. அண்டை விவசாயியின் முன்னுரிமை

விவசாய நிலம் விற்கப்படும்போது, அதைக் குத்தகைக்கு உழுபவருக்கும், எல்லையை ஒட்டி நிலம் வைத்துத் தாமே பயிரிடும் விவசாயிக்கும் அதே விலைக்கு வாங்கும் முதல் உரிமை உண்டு. 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் கொடுத்த உரிமை இது. விற்பவர் ஒப்பந்த நகலைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், அவர்களுக்கு 30 நாட்கள் அவகாசம். அனுப்பாமல் விட்டால், விற்பனை பதிவான நாளிலிருந்து ஓராண்டுக்குள் அவர்கள் உங்களிடமிருந்தே நிலத்தை மீட்டுக்கொள்ளலாம், அதுவும் பத்திரத்தில் எழுதிய விலைக்கு. வரியைக் குறைக்க நிலத்தின் விலையைக் குறைத்து எழுதலாம் என்று யாராவது சொன்னால், அது குற்றம் என்பதோடு, மீட்பு நேர்ந்தால் குறைத்து எழுதிய தொகை மட்டுமே கைக்கு வரும் என்பதையும் எண்ணிப்பாருங்கள். அண்டை வீட்டார் காபி கொடுத்து வரவேற்று ‘எனக்கு வேண்டாம்’ என்று சொன்னது போதாது, கையெழுத்திட்ட கடிதம் வேண்டும்.

8. கொம்ப்ரொமெஸ்ஸோ என்னும் முன் ஒப்பந்தம்

விலையில் 10 முதல் 20 விழுக்காடு வரை காபார்ரா என்ற அச்சாரம் இப்போது கைமாறும். நீங்கள் பின்வாங்கினால் அது போய்விடும். விற்பவர் பின்வாங்கினால் இருமடங்காகத் திருப்ப வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தில் ‘காபார்ரா கொன்ஃபிர்மத்தோரியா’ என்ற சொல் இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. வெறும் ‘அக்கொந்தோ’, அதாவது தவணைப் பணம், என்று எழுதியிருந்தால் இல்லை. குறைகளை யார் செலவில், எந்தத் தேதிக்குள் முறைப்படுத்துவது என்பதும் இதில் இடம்பெற வேண்டும்.

ஒப்பந்தத்தை 30 நாட்களுக்குள் வரித்துறையில் பதிய வேண்டும். அதற்கு 200 யூரோவும் அச்சாரத்தில் 0.5 விழுக்காடும் ஆகும். இந்தப் பதிவு வரிக்கானது மட்டுமே. அச்சாரம் பெரியதாகவோ இறுதிப் பத்திரத்துக்கு மாதங்கள் பல ஆவதாகவோ இருந்தால், பத்திர அதிகாரி மூலம் சொத்துப் பதிவேட்டிலும் ஏற்றிவிடுங்கள். இடையில் விற்பவர் கடன்பட்டாலும் வேறொருவருக்கு விற்றாலும் உங்கள் உரிமை முன்னிற்கும். அதற்கான கூடுதல் செலவைப் பார்த்துத் தயங்குபவர்களை நான் கண்டிருக்கிறேன், தயங்கத் தேவையில்லை.

9. செலவுக் கணக்கு

தனிநபரிடமிருந்து இரண்டாம் வீடாக வாங்கினால் பதிவு வரி 9 விழுக்காடு. 18 மாதங்களுக்குள் அந்த நகராட்சியில் குடியேறுவதாக உறுதியளித்து முதல் வீட்டுச் சலுகைக்குத் தகுதி பெற்றால் 2 விழுக்காடு. இந்த வரி விற்பனை விலையின் மீது அன்று, வரிப் பதிவேட்டு மதிப்பின் மீது கணக்கிடப்படும்படி நீங்கள் பத்திரத்தில் கேட்கலாம். நம் ஊர் வழிகாட்டி மதிப்பைப் போல அந்த மதிப்பும் சந்தை விலையை விட வெகுவாகத் தாழ்ந்திருக்கும். விவசாயி அல்லாதவர் வாங்கும் விவசாய நிலத்துக்கோ பதிவேட்டு மதிப்பின் மீது கணக்கிடும் இந்தச் சலுகை கிடையாது. விலையின் மீது 15 விழுக்காடு.

எடுத்துக்காட்டாக, வீடு 4,50,000 யூரோ, நிலம் 40,000 யூரோ, வீட்டின் பதிவேட்டு வருவாயான ரெந்திதா 1,200 யூரோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் வீட்டுக்கு ரெந்திதாவை 126-ஆல் பெருக்க 1,51,200 வரும்; அதில் 9 விழுக்காடு 13,608 யூரோ. நிலத்துக்கு 6,000 யூரோ. தரகர் 3 விழுக்காடு கேட்டால் 14,700, அதன் மீது 22 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி சேர்ந்து 17,934 யூரோ. பத்திர அதிகாரி, ஜியோமெத்ரா, மொழிபெயர்ப்பாளர் ஆகியோரின் கட்டணங்கள் இதற்கு மேல். மூவரிடமும் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள்.

ஒரு பொறி: வீடு இடிந்த கட்டடமாக F/2 என்ற வகையில் பதிவாகியிருந்தால் அதற்கு ரெந்திதாவே இல்லை, ஆகவே வரி முழு விலையின் மீது விழும். விளம்பரத்தில் மலிவாகத் தெரியும் இடிபாடுகள் பல இந்த வகையைச் சேர்ந்தவை. விற்பவர் நிறுவனமாக இருந்தால் கணக்கு வேறாகலாம். மதிப்புக் கூட்டு வரி வரக்கூடும்.

10. ரோஜித்தோ என்னும் இறுதிப் பத்திரம்

பத்திர அதிகாரியைத் தேர்ந்தெடுப்பதும் அவருக்குப் பணம் கொடுப்பதும் வழக்கமாக வாங்குபவரே. அவர் இரு தரப்புக்கும் பொதுவானவர், உங்கள் வழக்கறிஞர் அல்லர். உங்களுக்கு இத்தாலிய மொழி தெரியாது என்றால் பத்திரம் இரு மொழிகளில் எழுதப்பட்டு, மொழிபெயர்ப்பாளரும் சாட்சிகளும் உடனிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மொழி அறிந்த ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதிகாரப் பத்திரத்தின் வாசகத்தை இத்தாலிய அலுவலகமே எழுதித் தரட்டும். உள்ளூரில் எழுதியதை, வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்காக அரசு இடும் அப்போஸ்டில் முத்திரையை இந்தியாவில் வாங்கி மொழிபெயர்த்து அனுப்பிய பிறகு, ஒரு வாக்கியம் குறைகிறது என்று திரும்பி வருவது வீண் வேலை.

2017 முதல் ஒரு வசதி இருக்கிறது: விற்பனை பதிவேட்டில் ஏறும் வரை விலைத் தொகையைத் தம் தனிக் கணக்கில் வைத்திருக்கும்படி பத்திர அதிகாரியைக் கேட்கலாம். பத்திரம் எழுதும் நாளுக்கும் பதிவேறும் நாளுக்கும் இடையே புதிய அடமானம் ஏதும் புகுந்துவிடாமல் இது காக்கும். விற்பவர் முகம் சுளித்தாலும் கேளுங்கள். கையெழுத்துக்கு முன் அன்று காலையிலேயே வீட்டுக்குச் சென்று, தண்ணீர்த் தொட்டி, கிணற்று மோட்டார், கற்தொட்டிகள், பழைய செக்குக் கல் எல்லாம் இடத்தில் உள்ளனவா என்று பார்த்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிக் குறிக்காத கற்கள் நடந்து போய்விடும்.

11. சாவி கிடைத்த பிறகு

மின் இணைப்பு உயிரோடு இருந்தால் பெயர் மாற்றம் மட்டும் போதும். அளவி மூடப்பட்டிருந்தால் மறு இணைப்பு, இணைப்பே இல்லாவிட்டால் கம்பம் நடுவது முதல் தொடங்கும், அதற்கு மாதங்கள் ஆகலாம். குப்பை வரிக்கு நகராட்சியில் பதிவு செய்யுங்கள். இரண்டாம் வீட்டுச் சொத்து வரியின் தவணைகள் ஜூன் 16, டிசம்பர் 16. நினைவூட்டுக் கடிதம் வரும் என்று காத்திராதீர்கள், கணக்கிட்டுக் கட்டுவது உங்கள் பொறுப்பு. இந்தியாவில் வசித்து வரி செலுத்துபவராக இருந்தால், வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் இந்த வீட்டைக் காட்ட வேண்டும்.

விருந்தினருக்கு வாடகைக்கு விட எண்ணினால், 2025 ஜனவரி முதல் வாடகை வீட்டுக்கான தேசிய அடையாள எண் இல்லாமல் விளம்பரம் செய்ய முடியாது. அக்ரித்துரிஸ்மோ, அதாவது பண்ணைச் சுற்றுலா விடுதி, என்ற பெயர்ப் பலகையை மட்டும் மாட்டிவிடாதீர்கள். அந்த உரிமம் பதிவு பெற்ற விவசாயத் தொழில் நடத்துபவருக்கே உரியது, தோப்பு இருப்பதால் மட்டும் அது வந்துவிடாது. கோடை தொடங்கும் முன் காய்ந்த புல்லை வெட்டி, எல்லையோரம் தீத்தடுப்புப் பட்டையை உழுதுவிடுவது உரிமையாளரின் கடமை. நீங்கள் ஊரில் இல்லாத மாதங்களில் இதைச் செய்ய உள்ளூர் டிராக்டர்காரர் ஒருவரிடம் சாவி வாங்கிய வாரத்திலேயே பேசி வைத்துவிடுங்கள், மே மாதத்தில் அவர்கள் யாரும் கிடைக்க மாட்டார்கள்.